குழந்தையை ஏந்திய கை

செயங்கொண்டத்தைக் கடந்து கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கும் பயணிக்கு, அங்குள்ள பெரியவர்கள் முதலில் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. தஞ்சையில் தந்தை இராசராசன் எழுப்பிய விமானத்தைவிடத் தன் விமானம் உயர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இராசேந்திரன் இதைச் சற்றுக் குறைத்துக் கட்டினான் என்பார்கள். மகன் தந்தைக்குக் காட்டிய மரியாதை இது என்று முடிப்பார்கள். இது வரலாறா, ஊரார் அன்போடு கற்பித்துக் கொண்ட விளக்கமா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கோயிலைப் பார்த்து வரும் மக்கள், அதில் ஒரு தந்தையையும் மகனையும் கண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தத் தந்தை மகனுக்கு எதைக் கொடுத்தான் என்பதற்கு மட்டும் தெளிவான வரலாறு உண்டு. 1012இல் இராசராசன் தன் மகனை உடன் அரசாள அழைத்துக் கொண்டான். இராசேந்திரனும் 1018இல் தன் மகன் இராசாதிராசனை அவ்வாறே அமர்த்தினான். தந்தை உயிரோடிருக்கும்போதே மகனைப் பொறுப்பில் பழக்குவது அரிய ஏற்பாடுதான். இன்று கடைச் சாவியைக்கூடக் கடைசி மூச்சு வரை மடியில் முடிந்து வைத்திருக்கும் தந்தையர் பலர். ஆனால் கைமாறியது செங்கோல் மட்டுமா? வாளும் சேர்ந்தே கைமாறியது. 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் இராசாதிராசன் யானை மீதிருந்தபடியே மாண்டான். அதே களத்தில் அவன் தம்பி முடிசூடிப் போரைத் தொடர்ந்தான். இறந்தவனுக்குக் கல்வெட்டுகள் தந்த பெயர், யானை மேல் துஞ்சியவர் என்பது.

இந்த ஆண்மை சோழர் கண்டுபிடித்ததன்று. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் என்னும் புலவர், ஓர் ஆண்மகனை உருவாக்குவதில் யாருக்கு என்ன கடமை என்று பங்கிட்டுத் தருகிறார். பெற்று வளர்ப்பது தாயின் பங்கு. சான்றோனாக்குவது தந்தையின் பங்கு. வேல் வடிப்பது கொல்லனின் பங்கு. இறுதியில் களிற்றை வீழ்த்தி மீள்வது மகனின் பங்கு. நாம் பள்ளியில் படித்தபோது ‘சான்றோன்’ என்றால் கற்றுணர்ந்த நல்லவன் என்றே பொருள் கொண்டோம். அந்தக் காலத்தில் அச்சொல் போர்வீரனையும் குறித்தது என்று பின்னர் அறிஞர்கள் எடுத்துக் காட்டியபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் அதில் ஆறுதலும் உண்டு. ஒரு சொல் போர்க்களத்திலிருந்து புறப்பட்டு, பண்பு என்னும் பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொல் மாறுகிறது என்றால் அதைச் சொல்லும் மனிதரும் மாறியிருக்கிறார்கள் அல்லவா?

பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் ஊர் எல்லை தோறும் காவல் தெய்வங்கள் உண்டு. முறுக்கிய மீசை, உருட்டிய விழி, ஓங்கிய வாள், பக்கத்தில் பாய்ந்து நிற்கும் குதிரை. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் பெரியசாமி மலைப் பக்கத்துச் சுடுமண் உருவங்களைப் பார்த்தவர்கள் அந்தக் கம்பீரத்தை மறக்க மாட்டார்கள். ஊரைக் காக்கும் ஆண் எப்படியிருப்பான் என்று மக்கள் மனத்தில் எழுதியிருந்த சித்திரம் அது. அதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. அந்த மண்ணில் பிறந்த நம் முன்னோரும் அந்த நிழலில் வளர்ந்தவர்களே. அதே சீமையில், கொள்ளிடத்தின் வடகரையில், 18ஆம் நூற்றாண்டில் வேறொரு காவலனின் உருவமும் வந்து நின்றது. அவன் கையில் வாள் இல்லை. ஒரு கையில் லீலி மலர். மறு கையில் குழந்தை. அவன் பெயர் சூசை.

ஏலாக்குறிச்சியை அறியாத கத்தோலிக்கர் நம் பக்கத்தில் இரார். அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் மாந்துவாவைச் சேர்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர். கான்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கி என்பது அவர் முழுப்பெயர். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் இந்தியாவுக்கு வந்து, மறு ஆண்டு மதுரை மறைத்தளத்தில் பணியைத் தொடங்கினார். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த இராசபிளவையை இவர் பச்சிலை மருந்தால் ஆற்றினார் என்றும், அதற்கு நன்றியாக மழவராயர் அடைக்கல அன்னையின் பெயரால் நிலம் வழங்கினார் என்றும் மரபு சொல்கிறது. அந்த அன்னையைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. அன்னையின் அருகே அதிகம் பேசப்படாமல் நிற்கும் அவர் கணவரைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

முனிவரின் பெருங்காவியமாகிய தேம்பாவணியின் தலைவர் இயேசு அல்லர், மரியாவும் அல்லர், சூசையப்பர். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். இறுதிப் படலம் அவருக்கு விண்ணகத்தில் முடிசூட்டுவதைப் பாடுகிறது. இந்தச் செய்தியை நாம் தேர்வுக்காகப் படித்து மறந்துவிட்டோம். சற்று நின்று எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னதைச் செய்கிறார், இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதானபோது கோவிலில் தேடிக் கண்டெடுத்ததோடு மறைந்தும் போகிறார். அப்படி ஒரு மௌனியை எடுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பேசவும் அழவும் நடக்கவும் வைத்திருக்கிறார் முனிவர்.

தமிழ்க் காப்பிய இலக்கணம் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவனைக் கேட்கிறது. சிந்தாமணியின் தலைவன் எண்மரை மணந்து பகை முடித்த வேந்தன். கம்பனின் தலைவன் வில்லேந்திய அரசகுமாரன். சிந்தாமணியையும் கம்பனையும் கரைத்துக் குடித்தவர் முனிவர். அவர்களுடைய சொல்லழகையும் நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் அமைப்பையும் தயங்காமல் எடுத்துக் கொண்டவர். ஆனால் அந்த அரியணையில் அவர் அமர்த்தியது, தாவீதின் வழிவந்தவரேனும் மரம் அறுத்துப் பிழைத்த ஒரு தொழிலாளியை. கோவிலில் குழந்தையை ஒப்புக்கொடுக்க ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்கென வகுத்த காணிக்கை இரண்டு புறாக்கள். அதைத்தான் இந்தக் குடும்பம் கொடுத்தது என்று லூக்கா குறிப்பிடுகிறார். காவியத் தலைவர்களுக்குள் உளியும் இழைப்புளியும் பிடித்தவர் இவர் ஒருவரே என்று நான் நினைக்கிறேன்.

முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப் பெயரும் எண்ணத் தக்கது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்தல், கூட்டித் தருதல் என்று பொருள். அதையொட்டி ‘வளன்’ என்றார். ஊர் மக்களோ சூசை என்றார்கள்; அதோடும் நிற்காமல் ‘அப்பர்’ என்ற ஒட்டைச் சேர்த்தார்கள். அந்தோனியார், செபஸ்தியார், சவேரியார் என்று புனிதர் பலரை ‘ஆர்’ விகுதியில் நிறுத்திய நம் பாட்டன்மார், இவரைச் சூசையப்பர் என்றது தற்செயலாக இருக்க முடியாது. 1995இல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபின் யோசேப்பு என்பதே பெருவழக்காயிற்று. பிழையில்லாத பெயர்தான், ஆயினும் அதிலிருந்து அந்த ‘அப்பர்’ உதிர்ந்துவிட்டதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

முனிவர் புறப்பட்டு வந்த ஐரோப்பாவிலும் சூசையப்பரின் உருவம் அப்போதுதான் மாறிக் கொண்டிருந்தது. இடைக்கால ஓவியர்கள் அவரை நரைத்த கிழவராக, மாட்டுத் தொழுவத்தின் மூலையில் தூங்கி வழிபவராகவே பெரிதும் வரைந்தார்கள். மரியாவின் கன்னிமையைக் காப்பாற்ற அந்த முதுமை வசதியாக இருந்தது. பாரிஸ் நகரின் ஜெர்சோன் போன்றோர் 15ஆம் நூற்றாண்டிலேயே இதை மறுத்தனர். கைக்குழந்தையையும் மனைவியையும் அழைத்துக் கொண்டு பாலைவழியே எகிப்துக்குப் போனவர் தள்ளாத கிழவராக இருக்க முடியுமா என்று கேட்டால், மறுமொழி கூறுவது கடினம். 1562இல் அவிலா தெரேசா தம் முதல் சீர்திருத்த மடத்துக்குச் சூசையப்பரின் பெயரை இட்டார். 17ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஓவியர் முரில்லோ, கருந்தாடியும் வலிய தோளும் உடைய இளைஞராக அவரை வரைந்து, கையில் குழந்தையைக் கொடுத்தார். நம் ஊர்ப் பீடங்களில் நிற்கும் சுரூபம் இந்த மரபின் வழிவந்ததே.

அந்தச் சுரூபத்தை நம் ஆண்கள் எப்படிப் பார்த்தார்கள்? என் இளமைக் காலத்தில் தந்தை தன் பிள்ளையைப் பெரியவர்கள் முன்னிலையில் தூக்கிக் கொஞ்சுவதில்லை. அது கூச்சமான காரியம். பாட்டனார் வந்தால், மடியிலிருந்த குழந்தையைச் சட்டென்று கீழே இறக்கிவிட்டுத் துண்டைச் சரிசெய்து கொள்வார்கள். என் தந்தையாரும் அப்படித்தான். காய்ச்சலில் நான் கிடந்த ஓர் இரவு, நான் உறங்குவதாக எண்ணி நெடுநேரம் என் நெற்றியில் கை வைத்திருந்தார். நான் விழித்ததும் கையை எடுத்துக் கொண்டு, மருந்து குடித்தானா என்று அம்மாவிடம் கேட்டார். அந்தக் கை நெற்றியிலேயே இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

இந்தக் கூச்சம் தமிழ் மரபு என்று சிலர் வாதிடுவர். வள்ளுவர் அதை ஒப்பமாட்டார். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்று சொன்ன அதே வள்ளுவர், பிள்ளையின் உடல் தீண்டும் இன்பத்தையும், மழலையின் முன் குழலும் யாழும் தோற்பதையும், சிறுகை அளைந்த கூழ் அமிழ்தினும் இனிதாவதையும் பேசுகிறார். கூழில் கைவிட்டு அளையும் பிள்ளையின் அருகே அமர்ந்து உண்பவன்தான் அந்தச் சுவையை அறிவான். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் வீரமாமுனிவர். ஆகவே அந்த அதிகாரமும் அவர் கைவழியே இலத்தீனுக்குச் சென்றது. மணம் செய்யாத, மகப்பேறு காணாத ஒரு துறவி, கூழளைந்த கையை இலத்தீனில் எழுதிக் கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஊரார் அவரைச் சாமி என்றழைத்தார்கள். நாம் குருக்களைத் தந்தை என்கிறோம். பெறாமலே தந்தையாதல் என்பது அவருக்கு வெறும் காவியப் பொருளாக இருந்திருக்க முடியாது.

இனி, சூசையப்பரின் வாழ்வில் மிகக் கடினமான இரவுக்கு வருவோம். மணம் ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கிறாள், கரு தன்னுடையதன்று. மோசேயின் சட்டம் அவருக்குத் தெரியும். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கல்லெறியைத் தண்டனையாகக் கூறுகிறது. ஊர் அவர் பக்கம்; மறை அவர் பக்கம்; மானமும் அவர் பக்கம். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவரோ அவளைப் பழிக்கு ஆளாக்க மனமின்றி, மறைவாக விலக்கிவிட எண்ணினார் என்கிறார் மத்தேயு. அவரை நேர்மையாளர் என்று மத்தேயு அழைப்பதும் இந்த இடத்தில்தான். நாம் கவனிக்க வேண்டியது, வானதூதர் கனவில் வருவதற்கு முன்னரே அவர் இந்த முடிவுக்கு வந்துவிட்டார் என்பதை. விளக்கம் கிடைக்கவில்லை, குற்றமற்றவள் என்ற சான்றும் இல்லை. இருந்தும் தன் மானத்தைக் காக்க ஒரு பெண்ணின் உயிரை விலையாகக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். தேம்பாவணியும் இந்த ஐயத்தையும் அதன் வேதனையையும் அவசரமின்றிப் பாடுகிறது.

மகள் தன் விருப்பப்படி வேறு சாதிக்காரனை மணந்தாள் என்பதற்காகத் தந்தையும் அண்ணனும் அரிவாள் எடுக்கும் செய்தி இன்றும் நம் நாட்டில் வருகிறது. ஆணவக்கொலை என்று அதற்கு இப்போது சரியான பெயர் கிடைத்திருக்கிறது. முன்பு அதை மானக்கொலை, கௌரவக்கொலை என்று எழுதிக் கொண்டிருந்தோம். கொலையோடு கௌரவம் என்ற சொல்லைச் சேர்த்து எழுத எப்படி மனம் வந்ததோ! கத்தோலிக்கர் வீடுகளில் சாதி இல்லை என்று நான் சொன்னால் இதைப் படிக்கும் நீங்களே சிரிப்பீர்கள். பெண் பார்க்கும்போது பங்கு எது என்று கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்கிறோம். வீட்டுச் சுவரில் சூசையப்பர் படத்தை மாட்டிக் கொண்டே அதைக் கேட்கிறோம்.

விண்தூதர் சொன்னபின் சூசையப்பர் செய்த முதல் தந்தைக் கடமை, குழந்தைக்குப் பெயரிட்டது. யூத வழக்கில் பெயரிடுதல் என்பது, இவன் என் மகன் என்று ஊரறிய ஏற்றுக் கொள்வதாகும். இரத்தத்தால் அன்று, ஏற்பினால் அவர் தந்தையானார். இது வெறும் தோற்றத் தந்தைமையன்று, மெய்யான தந்தைமையே என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1989இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் விளக்கினார். 1870இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்ததன் 150ஆம் ஆண்டை ஒட்டி, 2020 டிசம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு திருத்தூது மடல் எழுதி, சூசையப்பர் ஆண்டைத் தொடங்கி வைத்தார். பிள்ளை பெறுவதனால் மட்டும் ஒருவன் தந்தையாகிவிடுவதில்லை என்னும் கருத்தை அதில் அழுத்தமாகச் சொன்னார். பெருந்தொற்றில் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. நம்மில் பலர் அம்மடலைப் படிக்கவே இல்லை.

எகிப்துப் பயணம் நம் பக்கத்தாருக்குப் புரியாத கதையன்று. வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் கைகொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. எனவே பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆண்கள் போகிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. சூசையப்பர் குழந்தையையும் தாயையும் அழைத்துக் கொண்டு போனார். இவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். ஆனால் செல்பேசித் திரையில் மட்டும் தந்தையைக் கண்டு வளர்ந்த பிள்ளை, விடுப்பில் வந்து நிற்கும் மனிதரைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்து கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் சாக்லேட் பெட்டியைக் கையில் வைத்துக் கொண்டு செய்வதறியாது நின்றார். இரண்டு மாதத்தில் பிள்ளை பழகியது. அப்போது விடுப்பு முடிந்துவிட்டது.

போகாமல் ஊரிலேயே இருப்பவர்களின் கதை வேறு. மதுவின் சில்லறை விற்பனையை 2003இல் அரசு நிறுவனமே ஏற்றுக் கொண்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்டு லாரியிலும் உழைத்த கூலி எந்த வழியில் வீடு வந்து சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்பதைப் பெண்களிடம் கேட்க வேண்டும். இதைப் பற்றி மறையுரைகளில் நிறையக் கேட்டாயிற்று, நான் நீட்டவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுவதும் கேட்டது ஒரு துயரத்தினால். 1956 நவம்பர் 23ஆம் நாள் வைகறையில், மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் இடிந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர், ரயிலை ஓட்டியவரும் அவரல்லர். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலகல் கடிதம் கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றார். குள்ளமான உருவம், மெல்லிய குரல், வேட்டி. மீசையை முறுக்கும் மனிதரல்லர். எங்கள் வீட்டில் அவர் பெயர் பேச்சில் வந்தால் என் தந்தையார் செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவார். தவறு என்மேல் இல்லை என்று நாங்கள் யாராவது சொன்னால், ‘சாஸ்திரி மேலா இருந்தது?’ என்று கேட்பார். அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்ட அறிவுரை ஏறக்குறைய அது ஒன்றுதான்.

இயேசு இறைவனை அழைத்த சொல்லை மாற்கு நற்செய்தி அரமேய மொழியிலேயே தருகிறது: அப்பா. ஒலியில் அது நம் சொல்லாகவே இருப்பது தற்செயல்தான். மொழியியலார் இரண்டுக்கும் உறவு சொல்வதில்லை. ஆயினும் கெத்சமனித் தோட்டத்தில் வியர்வை பெருக அவர் அச்சொல்லைக் கூப்பிட்டபோது, அது அவர் நாவுக்குப் புதிய சொல்லன்று. நாசரேத்துப் பட்டறையில், மரச்சீவல்களுக்கு நடுவே, பேசாத ஒரு மனிதரை நோக்கி முதன்முதல் அதைச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

சென்ற தவக்காலத்தில் ஏலாக்குறிச்சிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது அரியலூர்ப் பேருந்தில் கூட்டம். எனக்கு முன் இருக்கையில் ஒருவர், சட்டையில் சிமெண்டுத் தூசி, மூன்று வயதிருக்கும் மகள் தோளில் உறங்கிக் கொண்டிருந்தாள். பயணச்சீட்டுக்கு நடத்துநர் உரக்கக் கேட்டார். அவர் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பையில் இருக்கும் பணத்தை எடுத்துக் கொள்ளும்படி தலையால் சைகை செய்தார். நடத்துநர் தாமே அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, மீதிச் சில்லறையையும் சீட்டையும் ஓசைப்படாமல் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார்.